சம்பந்தியிடம் கேட்ட எட்டுத் தூண்கள்

கபோவா மாமாவுக்கு நாற்பத்தொன்பது வயது. அதில் கடைசி நாற்பது வருடம் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. முதல் ஒன்பது வருடம் நிறையக் கேட்டார், ஆனால் தனக்காக இல்லை. தாத்தாவுக்குப் புகையிலை தீர்ந்தாலும் மண்ணெண்ணெய் தீர்ந்தாலும் வீடு வீடாக மாமாவைத்தான் அனுப்புவார். ஒரு நாள் மாமா ஒரு வீட்டை நெருங்கும்போதே உள்ளே இருந்தவர்கள் கெட்டிலைத் தூக்கிப் பாய்க்கு அடியில் ஒளித்ததைப் பார்த்துவிட்டாராம். அவர் கேட்க வந்தது ஒரு பிடி சர்க்கரை. கெட்டிலை யார் கேட்டது? அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் தீவான அபெமாமாவில் இதைச் சொன்னால், ஆளுக்கு ஏதோ நோய் என்று நினைப்பார்கள். இங்கே கேட்பதும் கொடுப்பதும் மூச்சு விடுவது மாதிரி. சொந்தக்காரன் வந்து உட்கார்ந்து, ‘புபுசி’ என்று சொல்லி ஒரு பொருளைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் மறுத்தவனுக்கு அவமானம். கொடுத்த பிறகு கொடுத்தவன் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. திறந்தால் கேட்டவனை ஊர் நடுவில் நிறுத்திய மாதிரி ஆகும். அளவுக்கு மீறிக் கேட்பவனையும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மனேயாபாவில், அதாவது எங்கள் ஊர்க்கூடத்தில், அவன் பேச வாயெடுத்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வரும்.

மாமா பேசினால் யாரும் இருமியதில்லை. அவருடைய சொத்து அது ஒன்றுதான்.

வேறு சொத்தும் ஒரு காலத்தில் இருந்தது. பதினெட்டு வயதில் தலைநகர் தாராவாவுக்குப் போய்க் கப்பல் வேலை கற்றுக்கொண்டு, பதினாறு வருடம் சரக்குக் கப்பல்களில் உலகம் சுற்றினார். திரும்பி வந்தபோது இரண்டு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார். ரேடியோ, போர்வைகள், தோல் செருப்பு, தூண்டில் முள் டப்பாக்கள், ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி. ஊரில் அப்போது மின்சாரம் கிடையாது. அந்த இஸ்திரிப் பெட்டியையும் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கொப்பரைச் சாக்கின் மேல் பாரம் வைக்க நன்றாக இருக்கிறதாம். பதினோரு நாளில் மாமாவிடம் மிஞ்சியது கைக்கடிகாரம் மட்டும், அதுவும் வார் அறுந்திருந்ததால். தூண்டில் நரம்பால் கட்டி இன்னும் அதைத்தான் மாட்டிக்கொள்கிறார்.

கடிகாரம் பார்த்து வாழ்கிற ஒரே மனிதர் என்பதால்தான் ஆராய்ச்சிக்காரம்மா அவரைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் பெயர் கிர்ஸ்டன். எங்கோ குளிர்ந்த நாட்டுப் பல்கலைக்கழகம். எங்கள் நாட்டின் சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் ஆராய ஆறு வருடத்துக்கு முன்பு வந்தார். சமூகம் என்றால் நாங்கள், சுற்றுச்சூழல் என்றால் நாங்கள் போக மீதி என்று புரிந்துகொண்டோம். முதலில் சமூகத்தை எண்பத்துநான்கு கேள்வி கேட்டார். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, இன்றைக்கா என்று அம்மா திருப்பிக் கேட்டாள். வாரத்தில் எத்தனை நாள் மீன் என்றதற்கு, பாவம், தூரத்திலிருந்து வந்திருக்கிறார், குறைத்துச் சொல்லி வருத்தப்படுத்த வேண்டாம் என்று ஊரே ஏழு நாள் என்றது. அன்று எங்கள் வீட்டில் சோறும் டின் மாட்டிறைச்சியும். பாபாய்க் கிழங்கை எப்படி வளர்க்கிறீர்கள் என்றும் கேட்டார். அதைச் சொந்த மருமகனுக்கே யாரும் சொல்ல மாட்டார்கள். குழி வெட்டினால் தானாக வளரும் என்றோம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால், இன்னும் இரண்டு மூன்று சேர்த்துச் சொன்னவர்களும் உண்டு.

அதன் பிறகு சுற்றுச்சூழல். எங்கள் ஊர் தீவு வளைத்து நிற்கிற உள்கடலின் பக்கம், மேற்கே பார்த்திருக்கிறது. அந்தக் கரையில் பன்னிரண்டு இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் வண்ணத்தில் எண் எழுதினார். ஒவ்வொரு கம்பியும் கரையோரம் சாய்ந்து நிற்கிற ஒரு தென்னைக்கு ஐந்து எட்டு எடுத்துவைக்கிற தூரம் கிழக்கே, அதாவது நிலத்துப் பக்கம். தென்னைதான் அடையாளம். மாதம் ஒருமுறை, பௌர்ணமிக்கு மறுநாள், கடல் ஓதம் ஏறி இறங்கியதும் கரையில் இலையும் குப்பையுமாக ஒரு வரி விட்டுப்போகும் இல்லையா, கம்பியிலிருந்து அந்த வரி வரைக்கும் டேப் பிடித்து அளக்க வேண்டும். எண் குறைந்துகொண்டே வந்தால் கடல் உள்ளே வருகிறது. குறையாவிட்டால் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன்.

மாமா ஒரு மாதம் தவறவில்லை. காய்ச்சலிலும் அளந்தார். மகள் அரோயிதாவின் கல்யாண விருந்தன்று பாதி விருந்தில் கடிகாரம் பார்த்து எழுந்து போய் அளந்துவிட்டு வந்து மீதியைச் சாப்பிட்டார். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் அனுப்புவார்.

கம்பியை முதலில் கேட்டது என் அம்மாதான்.

கொப்பரைக்குத் தேங்காய் உரிக்க வாசலில் ஒரு கூர்மையான முளை நட்டு வைத்திருப்போம். மரமுளை அடிக்கடி பிளந்துவிடும். இரும்பு கிடைத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை. கரையில் பன்னிரண்டு இரும்பு சும்மா நிற்கிறது. தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஒன்று போதும் என்றாள். மாமா, அது கிர்ஸ்டனுடையது என்று சொல்லிப் பார்த்தார். நட்ட கை யாருடையது என்று அம்மா கேட்டாள். நட்டது மாமாதான். ஐந்தாம் எண் எங்கள் வாசலுக்கு வந்தது. மாமா அதன் இடத்தில் தாழை மரத்துக் கட்டை ஒன்றைச் செதுக்கி நட்டு, ஐந்து என்று எழுதி வைத்தார்.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் தனித்தனியாக, சத்தமில்லாமல் வந்தார்கள். ஒன்று போனால் பதினொன்று இருக்கிறதே என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலில் இருக்கும்போது நான் சில வீடுகளில் செருப்புகளை ஜோடி மாற்றி வைக்கிற வேலையாகச் சுற்றுவது உண்டு. அப்படிச் சுற்றியதில் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வாசலில் மஞ்சள் எண். ஏழாம் எண் நபுவாக்கா வீட்டில் இருந்தது. நபுவாக்கா என்பவர் அரோயிதாவின் மாமனார், மாமாவுக்குச் சம்பந்தி.

போன ஆகஸ்டில் கிர்ஸ்டன் மறுபடி வந்தார். மூன்றே நாள். ஆறு வருட அளவை ஊருக்குக் காட்டப் போகிறேன் என்றார்.

அதற்காக ஊரில் அதிகம் காத்திருந்தது நபுவாக்காதான். அவருடைய மகன் பெனியாமினாவும் அரோயிதாவும் தனிவீடு கட்ட வேண்டும். அவளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். நபுவாக்காவின் நிலம் ஏழாம் முளைக்கு, அதாவது ஏழாம் கம்பி போன இடத்தில் மாமா நட்ட மரக்கட்டைக்குப் பக்கத்தில், கரையிலேயே இருக்கிறது. காற்று வரும், படகு ஏற்ற இடம், குளிக்க நான்கு எட்டு. அரோயிதாவுக்கு அந்த இடத்தின் மேல் உயிர். எட்டுத் தூண் வெட்டிச் செதுக்கித் தயாராகக் கிடந்தது. ஆனால் நபுவாக்கா இழுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் தென்னை இரண்டு விழுந்திருந்தது. விழுந்தது மண் போனதாலா, இல்லை வயசாகியா? எங்கள் கரையில் மேற்குக் காற்று அடிக்கிற வருடம் மண் போகும், அடுத்த வருடம் வரும். யாரால் சொல்ல முடியும்? ஆராய்ச்சிக்காரம்மா சொல்லட்டும், அதுவரை ஒரு தூணும் நடக் கூடாது என்றார்.

கிர்ஸ்டன் முதல் நாள் கரையைச் சுற்றிப் பார்த்தார். இரும்பு இருந்த இடத்தில் மரத்தைக் கண்டு காரணம் கேட்டார். இரும்பு துருப்பிடிக்கும், மரம் பிடிக்காது என்றார் மாமா. பொய்யில்லை. கிர்ஸ்டன் அதையும் எழுதிக்கொண்டு, உள்ளூர்ப் பொருள், ரொம்ப நல்லது என்றார். இடத்தைக் காட்டும் கருவி ஒன்றும் அவர் கையில் இருந்தது. ஆனால் அது ஐந்தாறு மீட்டர் முன்பின்னாகத்தான் காட்டுமாம்.

மறுநாள் காலை மனேயாபாவில் கூடினோம். அவரவர் குடும்பத்துக்கு உரிய இடத்தில் அவரவர் உட்கார்ந்தோம். கிர்ஸ்டன் முறைப்படி பெரியவர்களுக்குப் புகையிலை வைத்தார். பிறகு ஒரு பெரிய தாளைத் தூணில் தொங்கவிட்டார். பன்னிரண்டு கோடுகள். ஆறு வருடமாக எல்லாம் ஒரே மட்டத்தில், பாய் விரித்த மாதிரி படுத்திருந்தன. ஏழாவது கோடு பதினொன்றரை மீட்டரில் தொடங்கி, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, பதினொன்றரை மீட்டரிலேயே முடிந்தது.

நல்ல செய்தி என்றார் கிர்ஸ்டன். மற்றத் தீவுகளில் பயந்த மாதிரி இங்கே இல்லை, உங்கள் கரை உறுதியாக நிற்கிறது. இதற்குக் காரணம் கபோவா, ஆறு வருடத்தில் ஒரு மாதம்கூட விடாத மனிதர். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய கைகளில் ஒன்பது வீட்டுக் கைகள் கம்பி வாங்கியவை. அவர்களும் அந்தத் தாளை நம்பித்தான் தட்டினார்கள். இது எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் அம்மாவும் தட்டினாள். நானும் தட்டினேன்.

மாமா தட்டவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் மடியில் எதையோ எண்ணுவதைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு. மறுபடி முதலிலிருந்து.

நபுவாக்கா பேசத் தொடங்கினார். கிர்ஸ்டனுக்கு நன்றி சொன்னார், சம்பந்திக்கு நன்றி சொன்னார். இனி யோசிக்க ஒன்றுமில்லை, திங்கட்கிழமை ஏழாம் முளைக்குப் பக்கத்தில் தூண் நடுகிறோம், எல்லோரும் வர வேண்டும் என்றார். பெண்கள் பக்கத்தில் அரோயிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் மாமா பேசினார்.

“சம்பந்தி, ஒரு புபுசி.”

நாற்பது வருடமாக அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

“சொல்லுங்க சம்பந்தி” என்றார் நபுவாக்கா. குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, இவரும் கடைசியில் மனுஷனாகிவிட்டார் என்கிற மாதிரி.

“அந்த எட்டுத் தூணும் எனக்கு வேணும்.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. எந்த எட்டுத் தூண் என்று ஒரு கிழவர் பக்கத்து ஆளைக் கேட்டார். விளங்கியதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பெற்ற மகளின் வீட்டுத் தூணை, வயிற்றுப்பிள்ளைக்காரியின் வீட்டுத் தூணை, ஊர் முன்னால், சம்பந்தியிடம். மறுக்க முடியாது. கொடுத்தேன் என்றார் நபுவாக்கா. அரோயிதா எழுந்து வெளியே போய்விட்டாள். மாமா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

யாரோ இருமினார்கள். அப்புறம் இன்னொருவர். அப்புறம் எல்லோரும்.

கிர்ஸ்டன் மட்டும் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். புபுசி என்பதைப் பற்றிப் படித்திருந்தாராம், கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். மறுநாள் காலை விமான நிலையத்தில், அந்த ஓலைக் கொட்டகையில், மாமாவிடம் அதைப் பற்றித்தான் கேட்டார். சம்பந்திகளுக்குள் தூண் கேட்பது வழக்கமா, கல்யாணமாகி எத்தனை வருடத்துக்குள் கேட்கலாம் என்றெல்லாம். மாமா, அந்தக் கோடு ரொம்ப நேராக இருக்கிறதே என்று ஆரம்பித்தார். ஆமாம், அதுதானே அதிசயம் என்று கிர்ஸ்டன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் தண்ணீர் வேறு. மாமா அவர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். விமானம் போய்விட்டது.

எட்டுத் தூணும் மாமா வீட்டு வாசலில் கிடந்தன. என்ன கட்டப் போகிறாய் என்று கேட்டவர்களிடம், யோசிக்கணும் என்றார். அதற்கு மேல் யோசிக்கவும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து பன்றிப்பட்டிக்கு இரண்டு தூண் புபுசி கேட்டார். வியாழக்கிழமை அடுப்படிக்கு மூன்று போயிற்று. சனிக்கிழமை மீதி மூன்றும் போயிற்று. இப்போது கேட்கிறவர் ஆகிவிட்டாரே, கொடுக்காமல் இருக்க முடியுமா? பெனியாமினா தன் வீட்டுத் தூணைப் பன்றிகளுக்கு நடுவில் பார்த்துவிட்டு வந்து பாயில் குப்புறப் படுத்துக்கொண்டானாம்.

ஒரு அக்காவால்தான் தம்பியை நேராகக் கேட்க முடியும். அம்மா போனாள். நானும் பின்னால் போய் வெளியே தேங்காய் மட்டை பொறுக்குகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

“ஏன்டா, மூளை குழம்பிப்போச்சா உனக்கு? கேக்காம கேக்காம இருந்துட்டு, கேட்டதுதான் கேட்டே, பொண்ணு வீட்டுத் தூணா கெடச்சுது?”

மாமா கடிகாரத்து நரம்பை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

“அக்கா, சாஞ்ச மரத்துலேர்ந்து அஞ்சு எட்டு. அப்படித்தானே நோட்டுல எழுதியிருக்கு? கம்பி போன எடத்துலெல்லாம் அத வெச்சுத்தான் கட்டை நட்டேன்.”

“சரி, அதுக்கென்ன?”

“சாஞ்ச மரம் விழுந்துடுது. அப்புறம் அதுக்குப் பின்னாடி நிக்கிற மரம் சாயுது. மேக்குக் காத்து அடிக்கிறப்ப கட்டையை ஓதம் பேத்துக்கிட்டுப் போகும், நான் திரும்ப நடுவேன். சாஞ்ச மரம்னு நான் பாத்ததெல்லாம் ஒரே மரம் இல்லக்கா. அன்னிக்கு அந்தத் தாளப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. ஏழுல ரெண்டு மரம் போயிருக்கு. கடல் உள்ள வர வர நான் முளையையும் தூக்கிக்கிட்டு அதுக்கு முன்னாடியே நடந்திருக்கேன்.”

இதைப் போய் நபுவாக்காவிடம் சொல்லேன் என்றாள் அம்மா.

“கம்பி ஏன் எடுத்தேன்னு கேப்பாரு.”

“யாருக்குக் குடுத்தேன்னு சொல்லிட்டுப்போ...” என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். எங்கள் வாசல் கம்பியில் வண்ணம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஏழாம் கம்பியோ நபுவாக்கா வாசலில். ஏழாம் கம்பியைக் கொடுத்ததால்தான் ஏழாம் அளவில் தப்பு வந்தது என்று அவரிடமே சொல்வதும், நீ கேட்டாயே என்று முகத்தில் அடிப்பதும் ஒன்றுதான். மாமாவால் அது ஆகாது. தன் பெயரைக் கெடுத்துக்கொள்வது அவருக்கு அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தேங்காய் உரிக்க உட்கார்ந்தாள். ஒன்றுகூட உரிக்காமல் எழுந்து உள்ளே போனாள்.

கிர்ஸ்டனுக்கு மட்டும் மாமா எழுதினார். அடுத்த பௌர்ணமிக்கு நோட்டில் எண் எழுதும் இடத்தில், முளைகளை நான் மாற்றி நட்டேன், அடையாள மரம் மாறியதை நான் கவனிக்கவில்லை, எனக்குத் தெரிந்து ஏழில் இரண்டு மரம், மூன்றில் ஒரு மரம், பத்தில் ஒரு மரம் போயிருக்கிறது, தவறு என்னுடையது என்று எழுதி அனுப்பினார். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. திட்டவில்லை. பதினாலு கேள்வி கேட்டிருந்தார். எந்த மாதம் எந்த மரம், மரத்துக்கு மரம் எத்தனை எட்டு, விழுந்த மரம் யாருடையது. மாமா ஒவ்வொன்றாக எழுதினார். மரத்துக்கு உரியவர்களை விசாரித்தால், அவரவர் மரம் விழுந்த மாதத்தை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் தன் மரம் விழவே இல்லை என்றார், கிடக்கிற மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு. ஒன்பதாவது கேள்வி, பழைய இரும்புக் கம்பிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பது. அதை மட்டும் மாமா காலியாக விட்டார். எங்கள் கரை போகிறதா நிற்கிறதா என்று அந்த அம்மாவுக்கு இப்போது தெரியுமோ என்னவோ. எங்களுக்குத் தெரியாது.

கேள்வி பதில் போய் வந்துகொண்டிருக்கும்போதே நபுவாக்கா மறுபடி தூண் சேர்த்துவிட்டார். தூரத்து ஊரிலிருந்து தம்பி கொடுத்த எட்டுத் தூண், படகுக்குப் பின்னால் கட்டி மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார். கொண்டுவந்து நேராக ஏழாம் முளைக்குப் பக்கத்தில் அடுக்கினார். அரோயிதாவுக்கு ஏழாவது மாதம். அவள் அப்பாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவர் பெயரைச் சொல்லாமல், அந்த ஆள் என்பாள்.

மாமா அன்று சாயங்காலம் பாளை சீவி இறங்கியவர், குளித்து, நல்ல லுங்கி கட்டிக்கொண்டு, நபுவாக்கா வீட்டுக்குப் போனார். பாதி ஊர் ஏதேதோ வேலையாக அந்தப் பக்கம் போயிற்று. எனக்கும் வேலை இருந்தது.

மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“சம்பந்தி, ஒரு புபுசி.”

நபுவாக்கா புகையிலையைச் சீவிக்கொண்டிருந்தார். சீவுவதை நிறுத்தவில்லை. வாசலில் ஏழாம் எண் கம்பி தேங்காய் நாரோடு நின்றது. மாமா அந்தப் பக்கமே திரும்பவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், அதைப் பார்த்துவிடக் கூடாது என்று கஷ்டப்பட்டு உட்கார்ந்திருப்பவர் மாதிரி. நபுவாக்கா ஒருமுறை கம்பியைப் பார்த்தார், ஒருமுறை மாமாவின் முதுகைப் பார்த்தார். கத்தி நின்றது.

“எந்தத் தூணு?”

“இப்ப கொண்டாந்த எட்டும்.”

“ஒமக்கு என் தூணு வேணுமா, இல்ல எம் மவன் அங்க கட்டக் கூடாதா?”

“தூணு வேணும்” என்றார் மாமா.

நபுவாக்கா புகையிலையைத் தாழையோலையில் வைத்துச் சுருட்டினார். பற்ற வைக்கவில்லை.

“நான் இன்னொரு எட்டு கொண்டாந்தா?”

“அதுவும் வேண்டியிருக்கும்.”

“எங்க கொண்டுபோய் நட்டா ஒமக்கு வேண்டியிருக்காது?”

மாமா முகவாயைத் தூக்கிக் கிழக்கே காட்டினார், தீவின் நடுவில் பாபாய்க் குழிகள் இருக்கிற பக்கம். அங்கே மாமாவுடைய நிலம் ஒரு துண்டு இருக்கிறது. காற்று வராத இடம். அந்தப் பக்கம் பேய் இருக்கிறது என்றும் சொல்வார்கள். நபுவாக்கா சுருட்டைப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, மாமாவிடம் நீட்டினார். அதோடு சரி. தூண் பேச்சே அதற்குப் பிறகு இல்லை. மீன் விலையைப் பேசினார்கள் என்று நினைக்கிறேன். நான் எதிர்பார்த்து வந்த சண்டை இல்லாததால் எனக்கு ஏமாற்றம்தான்.

மறுநாள் எட்டுத் தூணும் கிழக்கே போயின. சுமந்தவர்களுக்கே ஏன் என்று தெரியாது. சம்பந்திகள் இரண்டு பேருக்கும் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. மாமா இப்போதும் மனேயாபாவில் பேசினால் இருமல் வருகிறது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அரோயிதாவுக்கு டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. குழிப்பக்க வீட்டில்தான். நான் போனபோது ஒரு கையால் குழந்தையைப் பிடித்து, மறு கையால் விசிறிக்கொண்டே என்னிடம் அழாத குறை. இங்கே காற்றே இல்லை, கொசு பிடுங்குகிறது, தண்ணீருக்கு எவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது, அங்கே அந்த இடம் இன்னும் சும்மாதானே கிடக்கிறது, பெனியாமினா தினமும் படகை அங்கேதானே ஏற்றுகிறான், ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியதா என்று கேட்டாள்.

ஏறவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஏழாம் முளைக்குப் பக்கத்து மண் காய்ந்து கிடந்தது. சாய்ந்த மரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்த மாதிரி இருந்தது, ஒருவேளை நான் தலையைச் சாய்த்துப் பார்த்ததாலும் இருக்கலாம். அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. எங்கள் வீட்டு ஐந்தாம் எண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் ஒன்பது வீட்டையும் சொல்ல வேண்டும், அதில் அவள் மாமனார் வீடும் வரும். குழந்தையின் காலை நிமிண்டிவிட்டு, உன்னை மாதிரியே கத்துகிறது என்று மட்டும் சொன்னேன்.

அப்போது மாமா வந்தார். தோளில் ஒரு கட்டுத் தேங்காய் மட்டை, கொசுவுக்குப் புகை போட. தினமும் இந்த நேரத்துக்கு வந்து வாசலில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவாராம். அன்றும் குனிந்து வைக்கப் போனார்.

“அங்க வெச்சா நனையும்” என்றாள் அரோயிதா, விசிறியைப் பார்த்துக்கொண்டே. “உள்ள கொண்டாந்து வையி.”

மாமா கட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார், எந்தப் பக்கம் என்று தெரியாதவர் மாதிரி. பிறகு தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார்.